காற்று எந்த வழியாகப் போகிறது? ரெகுலேட்டர் உள்ள ஏர் ரைஃபிளில் சீல் பார்த்து மாற்றும் முறை

"சீல் போச்சு, மாத்திக் கொடுங்க" என்று சொல்லித்தான் பெரும்பாலும் ரைஃபிளைக் கொண்டுவருவார்கள். எந்தச் சீல் என்று கேட்டால் பதில் வராது. ரெகுலேட்டர் உள்ள ஒரு மேட்ச் (போட்டி) ரைஃபிளில் சின்னதும் பெரியதுமாகப் பத்துப் பதினைந்து ஓ-ரிங், அதாவது காற்றைத் தடுக்கும் ரப்பர் வளையம், இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் நன்றாக இருந்த இணைப்பைத் திறந்து மூடுவதே புதுக் கசிவுக்கு வழி. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். நான் இங்கே சொல்வது 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ரைஃபிளை மனதில் வைத்து. மற்ற பி.சி.பி. (முன்கூட்டியே காற்று நிரப்பிச் சுடும்) ரைஃபிள்களில் அழுத்தம் மாறும், பாகங்களின் இடம் மாறும், தர்க்கம் மாறாது.

காற்று போகும் பாதையை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அங்கிருந்து ரெகுலேட்டர். அது 200-ஐ மாடலைப் பொறுத்து 60, 70, 80 என்று ஒரு நிலையான அழுத்தத்துக்கு இறக்கி, பின்னால் உள்ள சிறிய அறையில் நிறுத்திவைக்கும். டிரிக்கரை அழுத்தினால் ஹேமர் என்ற சுத்தியல் போன்ற பாகம் போய் முதன்மை வால்வைத் தட்டும். அறையில் இருக்கும் காற்று டிரான்ஸ்பர் போர்ட் என்ற சிறு துளை வழியாக பெல்லட்டுக்கு (குண்டுக்கு)ப் பின்னால் வந்து அதைத் தள்ளும். ரெகுலேட்டருக்கு முன்னால் இருப்பதை மேல் பக்கம் என்றும், பின்னால் இருப்பதைக் கீழ் பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். எந்தக் கசிவானாலும் முதல் கேள்வி, அது மேல் பக்கமா கீழ் பக்கமா என்பதுதான்.

கை வைப்பதற்கு முன்

பெல்லட் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வையுங்கள். சிலிண்டரைக் கழற்றும்போது சின்னதாக "புஸ்" என்று ஒரு சத்தம் வரும். இணைப்பில் தங்கியிருந்த காற்று அது, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அடுத்த விஷயத்துக்கு. சிலிண்டரைக் கழற்றிவிட்டால் ரைஃபிளில் காற்று இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பல மாடல்களில் ரெகுலேட்டருக்குப் பின்னால் உள்ள அறையில் 70 பார் காற்று அப்படியே சிறைப்பட்டு நிற்கும். காக் செய்து (ஹேமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி), பெல்லட் இல்லாமல், காற்று வருவது நின்று வெறும் "டிக்" மட்டும் கேட்கும்வரை சுட்டுத் தீர்த்த பிறகுதான் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டும். பயிற்சிக்கான டிரை-ஃபயர் நிலையில் வைத்துத் தட்டினால் வால்வு திறக்காது, காற்று வெளியே போகாது. அதையும் கவனியுங்கள்.

சிலிண்டரின் தலையில் உள்ள வால்வை வீட்டில் பிரிக்கவே வேண்டாம். மேட்ச் சிலிண்டர்கள் பலவற்றுக்குத் தயாரித்த தேதியிலிருந்து இத்தனை ஆண்டு என்று ஆயுள் போட்டிருப்பார்கள், தேதி உருளையிலேயே அச்சாகியிருக்கும். அது தாண்டியிருந்தால் எந்தச் சீலையும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள்.

ஒரே இரவில் கேஜ் (அழுத்தமானி) இறங்குகிறது

முதலில் இது கசிவுதானா என்று உறுதிசெய்யுங்கள். நிரப்பும்போது காற்று சூடாகும். 40 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர், ஏ.சி. அறையில் 25 டிகிரிக்கு வந்தால் 190 தான் காட்டும். ஒரு சொட்டுக் காற்றுகூட வெளியே போயிருக்காது. ஆறவிட்டு, அதே அறையில், அதே நேரத்தில் இரண்டு நாள் படித்துப் பாருங்கள்.

அப்புறமும் இறங்குகிறதா? சிலிண்டரைக் கழற்றித் தனியாக ஓர் இரவு வையுங்கள். தனியாக வைத்தும் இறங்கினால் கோளாறு சிலிண்டரின் வால்விலோ கேஜிலோ இருக்கிறது. தனியாக இறங்காமல், ரைஃபிளில் மாட்டியபோது மட்டும் இறங்கினால் ரைஃபிளில் தேடுங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும், ஸ்பேனரே தேவையில்லை.

ரைஃபிள்தான் என்று தெரிந்தால் இன்னொன்று செய்து பாருங்கள். மாட்டி, ஒரு தடவை சுட்டு, மறுபடி காக் செய்து, சிலிண்டரைக் கழற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு பெல்லட் இல்லாமல் சுடுங்கள். முழுச் சத்தத்தோடு காற்று வந்தால் கீழ் பக்கம் பத்திரமாக இருக்கிறது, கசிவு மேல் பக்கத்தில். வெறும் "டிக்" மட்டும் வந்தால் அறையில் இருந்த காற்று எங்கேயோ போயிருக்கிறது. அறைக் காற்றைத் தேக்கி வைக்கும் மாடல்களில் இது நன்றாக வேலைசெய்யும். ரெகுலேட்டர் சீட்டே (பிஸ்டன் வந்து மூடும் இருக்கை) தேய்ந்திருந்தால் காற்று மேல் பக்கமாகத் திரும்பியும் போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இடத்தைப் பிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். பாத்திரம் கழுவும் திரவத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, சின்ன தூரிகையால் இணைப்பில் மட்டும் தடவுங்கள். ரைஃபிளைத் தண்ணீரில் முக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கசிவு மெதுவாக இருந்தால் குமிழி உடனே வராது. ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். சோப்பு நுரை ஒரே ஒரு இடத்தில் மட்டும் தயிர் போலத் திரண்டு வரும், அங்கேதான்.

குழல் முனையில் காற்று வருகிறது

குழல் முனையில் சின்ன ரப்பர் பலூனை மாட்டிவைத்தால் தெரிந்துவிடும், மெதுவாக ஊதும். முகத்தையோ விரலையோ முனைக்குக் கொண்டுபோக வேண்டாம். காற்று அங்கே வந்தால் அது முதன்மை வால்வைத் தாண்டித்தான் வர முடியும்.

உடனே வால்வு சீட் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ரைஃபிளைக் காக் செய்து பாருங்கள். காக் செய்தால் கசிவு நிற்கிறது, விட்டால் வருகிறது என்றால், ஹேமர் வால்வுத் தண்டின் மேல் சாய்ந்து அதை லேசாகத் திறந்து வைத்திருக்கிறது. ஹேமர் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் பாருங்கள், சீலில் தப்பில்லை. காலி ரைஃபிளில் சிலிண்டரை மாட்டும்போது காற்று நேரே குழல் வழியாகப் போய்விடுவதும் பல நேரம் இதனால்தான். காக் செய்துவிட்டு மாட்டுங்கள்.

இரண்டு நிலையிலும் கசிகிறது என்றால் சீட்டில் தூசு உட்கார்ந்திருக்கலாம். பத்துத் தடவை நல்ல அழுத்தத்தில் சுட்டாலே அது ஊதிக்கொண்டு போய்விடும். போகவில்லை என்றால் வால்வைத் திறக்க வேண்டியதுதான். சீட் பெரும்பாலும் டெல்ரின் அல்லது பீக் என்ற கெட்டி பிளாஸ்டிக். வெளிச்சத்தில் சாய்த்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வால்வு உட்காரும் இடத்தில் ஒரே அகலத்தில் பளபளப்பான வளையம் தெரிய வேண்டும். வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தால், அல்லது குறுக்கே மயிரிழை அளவு கோடு ஓடியிருந்தால், காற்று அந்த வழியாகத்தான் போகிறது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று இறங்கினால் வட்டம் கெடும். சீட்டை மாற்றுவதுதான் சரி.

ரெகுலேட்டரின் ஓட்டையில் காற்று

ரெகுலேட்டர் பொருந்தியிருக்கும் குழாயின் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து அடைத்துவிட்டவர்களும் உண்டு. உள்ளே கிண்ணம் போல வளைந்த ஸ்பிரிங் வாஷர்கள் அடுக்கியிருக்கும் அறைக்கு வெளிக்காற்றோடு உள்ள தொடர்பு அது. அந்த அறையில் அழுத்தம் சேர்ந்தால் ரெகுலேட்டர் கணக்குத் தப்பும். ஓட்டையை ஒருநாளும் அடைக்காதீர்கள்.

அங்கே காற்று வந்தால் மூன்று ஓ-ரிங்கில் ஒன்று: உடலின் வெளிச்சுற்றில் உள்ளது, பிஸ்டனின் பெரிய தலையில் உள்ளது, பிஸ்டன் தண்டில் உள்ள சிறியது. எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே மட்டும் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன், ஏனென்றால் ஒன்றை அடைய மற்ற இரண்டையும் வெளியே எடுத்தாக வேண்டும். வாஷர்களை எடுக்கும்போது எந்தத் திசையில் எப்படி அடுக்கியிருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாஷர் திரும்பினாலும் அழுத்தம் மாறிவிடும்.

ஒரு கல்லூரி மாணவரின் ரைஃபிளில் வெளிச்சுற்று ஓ-ரிங்கை ஒரே மாதத்தில் மூன்று தடவை மாற்றினேன். மூன்று தடவையும் அது ஒரே இடத்தில், நகத்தால் கிள்ளியது போல, பிறை வடிவில் வெட்டுப்பட்டிருந்தது. முதல் இரண்டு தடவையும் ஓ-ரிங்கின் தரத்தைச் சந்தேகப்பட்டேன். மூன்றாவது தடவைதான் பஞ்சு சுற்றிய குச்சியைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றிப் பார்த்தேன். பஞ்சின் ஓர் இழை அந்த ஊசி ஓட்டையின் உள்விளிம்பில் மாட்டி நின்றது. ஓட்டை போட்டபோது விட்ட பிசிறு. ரெகுலேட்டரை உள்ளே தள்ளும் ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங் அதன் மேல் ஏறிக் கடந்துதான் போகிறது. 1000 நம்பர் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி விளிம்பை மட்டும் மழுக்கி, துகளைத் துடைத்து எடுத்து, நான்காவது ஓ-ரிங்கைப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த ரைஃபிள் அந்தக் கோளாறோடு வரவில்லை. அதிலிருந்து பழைய ஓ-ரிங்கைத் தூக்கிப் போடுவதில்லை. அது எப்படிச் செத்தது என்று பார்த்த பிறகுதான் புதியதைப் பிரிக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு முதல் குண்டு மட்டும் தப்புகிறது

இதுதான் போட்டியாளரை அதிகம் வதைக்கும் கோளாறு, அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதையே. கசிவு வெளியே இருக்காது. கேஜ் இறங்காது. தொடர்ந்து சுட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுச் சுட்டால் முதல் குண்டு மேலேயோ கீழேயோ போகும். பிள்ளைகள் தங்கள் மூச்சையும் நிற்கும் நிலையையும் சந்தேகப்பட்டு மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

நடப்பது இதுதான். அறையில் 70 பார் வந்ததும் ரெகுலேட்டர் பிஸ்டன் சீட்டில் அழுந்தி மூட வேண்டும். சீட் சரியாக மூடாவிட்டால் மேல் பக்கத்து 200 பார் காற்று இழைஇழையாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். 70 ஆக இருந்தது 73, 76 என்று ஏறும். தொடர்ந்து சுடும்போது ஏற நேரம் இல்லை, நிறுத்தினால் ஏறிவிடும். ஏறிய அழுத்தத்தில் முதல் குண்டு வேகமாகப் போகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். சில ரைஃபிளில் அப்படித்தான். சிலவற்றில் நேர் எதிர்: அழுத்தம் கூடினால் வால்வைத் திறப்பது கடினம், ஹேமரின் அடிக்கு அது குறைவாகத் திறந்து, குண்டு மெதுவாகப் போகும். ஹேமர் ஸ்பிரிங் எப்படி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் குண்டு மெதுவாக வந்தாலும் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள்.

குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) இருந்தால் ஐந்து குண்டு தொடர்ந்து சுட்டு எழுதுங்கள். பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். ஒன்று சுடுங்கள். மறுபடி ஐந்து. நல்ல நிலையில் உள்ள மேட்ச் ரைஃபிளில் ஏற்ற இறக்கம் வினாடிக்கு 2, 3 மீட்டருக்குள் நிற்கும், ஓய்வுக்குப் பிந்தைய குண்டும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கும். அது மட்டும் தனியாக 8, 10 மீட்டர் விலகினால் சந்தேகமே இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 170 மீட்டரில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் சுமார் 17 மி.மீ. கீழே விழும். 160-இல் போனால் 19 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ. 10 மீட்டர் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரமே 2.5 மி.மீ. தான். நடுவில் உள்ள பத்துப் புள்ளி அரை மி.மீ. அளவு. அந்த ஒரு குண்டு பதக்கத்தைக் கொண்டுபோய்விடும்.

சீட்டை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நடுவில் ஒரு துகள் பதிந்திருக்கும்: அலுமினியத் தூள், டெஃப்லான் டேப்பின் இழை, அல்லது துரு. துருவுக்குக் காரணம் தண்ணீர். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் உள்ள காற்றை உலர்த்தாமல் கைப்பம்பால் 0.2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். நாற்பது லிட்டர் காற்று அது, அதில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம், இருபது சொட்டு. கொஞ்சம் பம்பிலேயே தங்கும், மிச்சம் உள்ளே போகும். வாஷர்களும் சீட்டின் எதிர்ப்பக்கமும் கெடுவதற்கு அது போதும். உலர்த்தி உள்ள பம்ப், அல்லது கிளப்பில் உள்ள பெரிய சிலிண்டரின் உலர்ந்த காற்று, இரண்டில் ஒன்றுக்கு மாறுங்கள். மாறாவிட்டால் எத்தனை சீட் போட்டாலும் இதே கதைதான்.

ரெகுலேட்டரின் அட்ஜஸ்ட்மென்ட் திருகைக் குறைத்து இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஏறும் அழுத்தம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், தொடங்கும் இடம்தான் மாறும். சீட் முழுக்கத் தேய்ந்து 200 பாரும் அறைக்கு வந்துவிட்டால் ஹேமரால் வால்வைத் திறக்கவே முடியாது. சுட்டால் "டொக்" என்ற சத்தம், பெல்லட் பாதியில் நிற்கும். பார்ப்பவர் காற்றே இல்லை என்று நினைத்துப் பிரிக்கப் போவார். உள்ளே இருப்பதோ முழுக் காற்று. கேஜைப் பார்க்காமல் பிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். அப்படி நின்றுவிட்டால் நீங்கள் திறக்காதீர்கள், சர்வீஸ் செய்பவரிடம் நிலைமையைச் சொல்லிக் கொடுங்கள்.

கசிவு இல்லை, ஆனால் எல்லாக் குண்டும் மெதுவாக

சுடும் அந்த நொடியில் மட்டும் காற்று வழிமாறிப் போகிறது. டிரான்ஸ்பர் போர்ட்டில் உள்ள ஓ-ரிங், அல்லது பெல்லட் நுழையும் வாயில் உள்ள சீல். பீடி சுற்றும் தாள் மாதிரி மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை மூடிய பிரீச்சின் (பெல்லட் நுழையும் அந்த வாயின்) இடுக்கின் மேல் படுக்க வைத்து, இலக்குப் பக்கம் பார்த்துச் சுடுங்கள். தாள் துள்ளிப் பறந்தால் அங்கே போகிறது. இந்த இரண்டு ஓ-ரிங்கும் மலிவு, மாற்றுவதும் சுலபம். வருடத்துக்கு ஒரு தடவை கேட்காமலே மாற்றிவிடலாம்.

நிரப்பும்போது மட்டும்

பம்பை இணைக்கும் அடாப்டரில் உள்ள ஓ-ரிங்தான் காரணம். மாற்றுங்கள். அடாப்டரைக் கழற்றியும் நிரப்பும் வாயில் கசிந்தால் திரும்பி வராமல் தடுக்கும் வால்வில் தூசு, அது சர்வீஸ் வேலை. கேஜ் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் இழைகளைத்தான் நான் ரெகுலேட்டர் சீட்டிலிருந்து எடுக்கிறேன்.

எந்த ஓ-ரிங் வாங்குவது?

பழையதை அளந்து வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல வருடம் அமுங்கிக் கிடந்த ஓ-ரிங் தட்டையாகியிருக்கும். காற்று ஊறிய ஓ-ரிங் வெளியே எடுத்ததும் உப்பி, பெரிதாகத் தெரியும், இரவு வைத்துப் பார்த்தால் சுருங்கியிருக்கும். அளக்க வேண்டியது பள்ளத்தை. பள்ளத்தின் ஆழம், அகலம், எதிர்ப்பக்கத்தின் விட்டம் மூன்றையும் வெர்னியரில் எடுங்கள். அசையாத இடத்தில் ஓ-ரிங் தன் தடிமனில் 15 முதல் 30 சதவீதம் வரை அமுங்கலாம், அசையும் பிஸ்டனில் 10 முதல் 20 போதும். அதற்குமேல் அமுங்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ரெகுலேட்டர் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் மூடும்.

தடிமன் விஷயத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஜெர்மன், ஆஸ்திரிய ரைஃபிள்களில் பெரும்பாலும் மெட்ரிக் அளவு: 1.5, 2 மி.மீ. தடிமன். இங்கே ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைப்பது அங்குலக் கணக்கில் வந்த 1.78, 2.62 மி.மீ. தடிமன். 010 என்ற அளவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் 6.07 உள்விட்டமும் 1.78 தடிமனும் உள்ளதைத் தருவார்கள். 6 × 1.5-க்குப் பதிலாக அது பள்ளத்தில் உட்கார்ந்துவிடும், கையால் பார்த்தால் சரியாகவே தோன்றும். உள்ளே தள்ளும்போது ஒரு பக்கம் சீவிக்கொண்டு போகும். அந்தச் சீவல் நேரே ரெகுலேட்டர் சீட்டுக்குப் போகும்.

கெட்டித்தன்மைக்கு ஷோர் அளவு பாருங்கள். 200 பார் அழுத்தும் அசையாத இடங்களுக்கு 90. மென்மையான 70-ஐ அங்கே போட்டால் காற்று அதை இடுக்குக்குள் பிதுக்கி, விளிம்பைக் கடித்துவிடும். பிரீச், டிரான்ஸ்பர் போர்ட் மாதிரி அழுத்தம் குறைந்த இடத்துக்கு 70 நன்றாகப் பதியும். தயாரிப்பாளர் ஏதாவது குறித்திருந்தால் அதையே போடுங்கள்.

பொருள் என்று வந்தால் என்.பி.ஆர். (நைட்ரைல் ரப்பர்) பெரும்பாலான இடத்துக்குப் போதும். வைட்டான் ரப்பர் சூட்டையும் வயதையும் நன்றாகத் தாங்கும், விலை கூட. பாலியூரிதேன் பிதுங்காது, தேயாது, ஆனால் அதில் பாலியெஸ்டர் வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் பிசுபிசுத்துப்போகும். நம் கடலோர ஊர்களுக்கு வாங்கும்போது ஈதர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஈ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் வீங்கும். சிலிக்கோன் ரப்பர் எளிதில் கிழியும், இந்த வேலைக்கு வேண்டாம்.

போடும்போது

பழையதை எடுக்க ஊசி, குண்டூசி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கசிவுக்கு எந்த ஓ-ரிங்கும் மருந்தில்லை. மூங்கில் பல்குச்சியை நசுக்கித் தட்டையாக்கி, ஓ-ரிங்கை ஒரு பக்கமாக ஒதுக்கினால் எழும்பி வரும். திருகுமரையைத் தாண்டிப் போட வேண்டிய ஓ-ரிங் என்றால், மரையின் மேல் வழவழப்பான காகிதத்தைச் சுற்றி, அதன் மேல் நழுவவிடுங்கள்.

தடவுவதற்குச் சிலிக்கோன் கிரீஸ், ஓ-ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் உயரழுத்தக் காற்றுப் பக்கம் போகக் கூடாது. வேகமாக அமுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றி வெடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவது அதைவிடக் கொடுமை, அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எல்லாம் பூட்டியதும் 200-க்கு ஒரே மூச்சில் போகாதீர்கள். இதற்கென்று 50 பார் மட்டும் நிரப்பிய சிலிண்டரை மாட்டிச் சோப்புத் தண்ணீர் பாருங்கள். சரியாக இருந்தால் 100, அப்புறம் 200. முழு அழுத்தத்தில் ஓர் இரவு. காலையில் கேஜைப் படித்துவிட்டு, குரோனோகிராஃபில் பத்துத் தடவை சுட்டு, பத்து நிமிடம் விட்டு, இன்னும் ஒன்று. அந்தப் பதினோரு எண்களையும், தேதியையும், போட்ட ஓ-ரிங்கின் அளவையும் ஒரு தாளில் எழுதி ரைஃபிள் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த தடவை திறப்பவர் நீங்களாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், முதலில் கேட்கப் போவது அதைத்தான்.